வெள்ளிக்கிழமைக் கட்டைவிரல்

அன்பும் மதிப்பும் நிறைந்த மகன் கதிரவன் அவர்களுக்கு,

மேற்குத் தாம்பரத்திலிருந்து உன் தாய் வணக்கத்துடன் எழுதுவது. உன் கடிதம் என் கைக்கு வந்து பதினொரு நாள்கள் ஆகின்றன. இத்தனை நாள் மறுமொழி எழுதாமல் இருந்தது என் பிழை. அதற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். லிஃப்ட் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு இருநூறு பெயர்த்தகடுகள் முடித்துத் தரவேண்டியிருந்தது என்று காரணம் கூறலாம். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். முதல் கடிதம் முழுவதும் கோபமாக இருந்தது. இரண்டாவது முழுவதும் புலம்பலாக இருந்தது. இரண்டுமே உனக்கு அனுப்பத் தக்கவை அல்ல. இது மூன்றாவது. மேலே 'அவர்கள்' என்று எழுதியிருப்பதைக் கண்டு உன்னை விலக்கி வைத்துவிட்டேன் என்று எண்ண வேண்டா. இல்லறம் தொடங்கவிருக்கும் ஒருவனைக் கடிதத்தின் தலைப்பில் அவ்வாறு விளிப்பதே முறை என்று கருதினேன். இனி 'நீ' என்றே எழுதுகிறேன்.

இன்னும் மூன்று வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, தேன்மொழியும் அவளுடைய பெற்றோரும் நங்கநல்லூரிலிருந்து நம் வீட்டைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. அதன்பின் மூன்று வேண்டுகோள்கள் வைத்திருந்தாய். கொல்லைப்புறக் கொட்டகையில் இருக்கும் அமிலக் குடங்களையும் தட்டுகளையும் அந்த ஒரு நாளைக்கு வேறெங்காவது நகர்த்தி வைக்கவேண்டும். பட்டறை யாருடையது என்று அவர்கள் கேட்டால், மேடவாக்கத்தில் இருக்கும் உன் மாமன் சண்முகத்தினுடையது என்று சொல்லவேண்டும். மூன்றாவதை நீ பேசுவது போலவே எழுதியிருந்தாய்: "கொஞ்சம் கையைச் சுத்தமா வச்சுக்கோம்மா. அவங்க வேற மாதிரி ஆளுங்க." இந்த மூன்றையும் நான் நிறைவேற்றப் போவதில்லை. இதைக் கடிதத்தின் கடைசியில் சொல்லி உன்னைக் காக்க வைப்பது நேர்மையாகாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன். பொறுமையோடு படி.

முதலில் என் கைகளைப் பற்றி. அவை மஞ்சள் படிந்த பழுப்பு நிறம். நகங்களின் ஓரம் இன்னும் கருப்பு. நாங்கள் அமிலம் என்றே அழைக்கும் ஃபெரிக் குளோரைடு என்னும் திரவம், டிகாஷன் போல் தோன்றி, எஃகைத் தின்று, தோலில் கறை வைத்துவிட்டுப் போகும். ஆனால் கறையும் அழுக்கும் ஒன்றல்ல என்பது பொறியியல் படித்த உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் என்னைவிட அதிகமுறை கை கழுவும் பெண் ஒருத்தியும் இருக்கமாட்டாள். தகட்டை முதலில் எமரித் தாளால் ஒரே திசையில் இழைக்கவேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் அமிலம் அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு சலவைச் சோடாவும் சுண்ணாம்புத் தூளும் குழைத்துத் துணியால் தேய்த்து, நீர்விட்டு அலசவேண்டும். அலசிய தகட்டைச் சாய்த்துப் பிடித்து அதன்மேல் நீர் ஊற்றினால், அந்த நீர் கண்ணாடி விரித்தாற்போல் தகடு முழுவதும் ஒரே படலமாக நிற்கவேண்டும். எங்காவது முத்து முத்தாகப் பிரிந்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று பொருள். மறுபடி தொடக்கத்திலிருந்து தேய்க்கவேண்டும். அந்தத் தேர்வில் தேறிய பிறகு தகட்டின் முகத்தை ஒருவரும் தொடக்கூடாது. ஓரங்களைப் பிடித்தே எழுத்துகளுக்கு அமிலம் தின்னாத மை பூசி, அமிலத்தில் கவிழ்த்து இறக்கவேண்டும். இத்தனை ஒழுங்குக்கு உட்பட்ட கைகளைச் சுத்தம் செய்துகொள்ளச் சொன்னாய். அதுதான் என் முதல் கடிதம் கிழிபட்டதற்குக் காரணம்.

இந்தத் தொழிலை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். உன் தந்தையார் மறைந்த ஆண்டு, உனக்கு எட்டு வயது. குரோம்பேட்டையில் ஒரு பெயர்த்தகட்டுப் பட்டறையில் முடிந்த தகடுகளைத் துடைத்துக் காகிதம் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அமிலத் தொட்டி இருந்த அறைக்குள் பெண்களுக்கு இடமில்லை. ஒருநாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். முதலாளி, "ஏம்மா, பொம்பளைங்க ஆசிட் கிட்ட வரக்கூடாது. பொடவை பாழாப் போயிடும்" என்றார். என் கண்ணைப் பற்றியோ நுரையீரலைப் பற்றியோ அவருக்குக் கவலையில்லை, புடவையைப் பற்றித்தான். ஆனால் தேறாத தகடுகளைப் பொறுக்கித் தனியே பெட்டியில் போடுவதும் என் வேலையாக இருந்தது. அந்தப் பெட்டிதான் நான் படித்த பள்ளிக்கூடம். சிறு வட்டப் புள்ளிகள் பளபளவென்று நின்றால், காற்றுக்குமிழி ஒட்டியிருந்திருக்கிறது. ஓரம் ஆழமாகவும் நடு மேலோட்டமாகவும் இருந்தால், தொட்டியில் தகட்டை யாரும் அசைக்கவில்லை. எழுத்தின் விளிம்பு அரித்திருந்தால், அளவுக்கு மீறி ஊறவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு குறையையும் பார்த்து, அங்கே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். ஒருமுறை தாங்கமாட்டாமல் தலைமைத் தொழிலாளியிடம், "இது குமிழியால வந்த குறைதானே?" என்று கேட்டுவிட்டேன். அவர், "இன்னா டாக்டரம்மா, நாடி புடிச்சுப் பாத்தியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரமே அவர் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழி இறகு தொங்கியது. குமிழியை வருடித் தள்ளுவதற்கு. என் முன்னால் சிரித்துவிட்டு, என் பின்னால் கேட்டுக்கொண்டார்.

இரண்டாண்டுக்குப் பின் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஏதோ போட்டோ ஸ்டூடியோ கழித்துக்கட்டிய தட்டுகள் இரண்டு வாங்கி வந்து நம் கொல்லையில் தொடங்கினேன். முதலில் வேறோர் அமிலம் வாங்கிவந்து, மஞ்சள் புகையில் மூச்சுத் திணறி, வேலி ஓரம் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பள்ளியில் இருந்தாய், உனக்குத் தெரியாது. உன் தந்தையாரின் கைக்கடிகாரத்தை ஆணியில் மாட்டி, நிமிடக் கணக்கு வைத்து, ஐந்து மாதத்தில் ஒரு சீரான தகடு கண்டேன். பின்புலம் முழுவதும் பனி படர்ந்தாற்போல் ஒரே மங்கல்; அதில் எழுத்துகள் மட்டும் மெருகோடு எழுந்து நின்றன. அன்று நான் அடைந்த பெருமிதத்தை வேறு எதற்கும் ஒப்பிட என்னிடம் சொல்லில்லை.

இங்கே என் முதல் தவறை ஒப்புக்கொள்கிறேன். பட்டறை மாமனுடையது என்னும் பொய்யை நீ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அதை உனக்குக் கற்றுத்தந்தவள் நான். ஆர்டர் கேட்டு எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், "சார் வரலையாம்மா?" என்பதே முதல் கேள்வி. சலித்துப்போய் சண்முகத்துக்குச் சலவைச் சட்டை போட்டு அழைத்துப் போகத் தொடங்கினேன். "நீ வாயைத் திறக்காதே, உட்கார்ந்திருந்தாலே போதும்" என்பேன். அவனும் உட்கார்ந்திருப்பான். ஒருமுறை பம்பு செய்யும் தொழிற்சாலை அதிகாரி அவனிடம், "ஆசிட்ல எவ்ளோ நேரம் சார் வைப்பீங்க?" என்று கேட்க, உன் மாமன் சற்று யோசித்து, "வேகுற வரைக்கும் சார்" என்றானே! பக்கத்தில் நின்றிருந்த நான், "பத்து நிமிஷம்னு சொல்ல வர்றார்" என்று முடித்துவைத்தேன். அதிகாரி சிரித்தார், ஆர்டரும் கிடைத்தது. இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. என் கையால் செய்ததை இன்னொருவர் கையால் செய்ததாகச் சொல்வது எனக்கு எளிதாகப் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதை இதுவரை உனக்குச் சொல்லவில்லை.

ஸ்டெல்லா அக்காவை உனக்கு நன்றாகத் தெரியும். பீர்க்கன்கரணையிலிருந்து வருவாள், தகடு சுத்தம் செய்வதில் அவளுக்கு நிகர் இல்லை, மாலையில் உனக்குப் பசிக்கிறது என்றால் என்னைவிட முன்பாக அடுப்படிக்குப் போவாள். நீ ஏழாம் வகுப்பு படித்தபோது அவள் சில நாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அதே பம்புத் தொழிற்சாலைக்கு அறுபது தகடுகள். காலையில் வழக்கம்போல் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகிவிட்டு, ஈரக் கூந்தலைத் துண்டில் முடிந்துகொண்டு கொட்டகைக்கு வந்தேன். ஸ்டெல்லா தகடுகளைச் சுத்தம் செய்து, எழுத்துக்கு மை பூசி உலர்த்தி, வரிசையாகச் செங்குத்தாக நிறுத்தி வைத்துவிட்டு அடிபம்புக்குப் போயிருந்தாள். எனக்கு அவசரம். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, அமிலத்தில் இறக்கினேன். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மொத்தமாக மை கழுவியபோது அறுபதிலும் ஒரே மூலையில் மங்கல் ஏறாமல், பளபளவென்று ஒரு திட்டு நின்றது. பிசுக்கு இருந்த இடத்தை அமிலம் தீண்டவில்லை. நான் யோசிக்கவில்லை. பட்டறையில் வேலை செய்த மற்ற இரண்டு பெண்களும், தகடு ஏற்ற வந்த வண்டிக்காரரும் நிற்க, "கறி அரிஞ்ச கையோட வந்து தகட்டைத் தொட்டியா?" என்று கத்தினேன். கதிரவா, அந்தச் சொற்களை எழுத இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஸ்டெல்லா நிதானமாகக் குடத்தை இறக்கி வைத்தாள். "வெள்ளிக்கெயமையில நாங்க கறி துன்ன மாட்டோம்னு உனக்குத் தெரியும்க்கா. தண்ணி ஊத்திப் பாத்துட்டுதான் மை வச்சேன். ஒரு எடத்துல கூட ஒடையல" என்றாள். "அப்ப இது என்ன, பேய் வந்து தொட்டுச்சா?" என்றேன். "அத நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, அந்தத் திட்டை எமரித் தாளால் மறைக்க முடியுமா என்று உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அது திட்டு அன்று, கட்டைவிரல் ரேகை. ஒவ்வொரு வளைவும் தெளிவாக இருந்தது. அந்த வளைவுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு ஓடியது. என் வலது கட்டைவிரலை நீ பார்த்திருக்கிறாய். தகடு வெட்டும்போது கிழித்த தழும்பு அது. விரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடுத்த தகட்டை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். அறுபதிலும் நான்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அதன்பின் நான் செய்ததுதான் பெரிய தவறு. ஐந்து நாள் வாய் திறக்கவில்லை. நீ ஒவ்வொரு மாலையும், "ஸ்டெல்லா அக்காவுக்கு இன்னும் சரியாகலையா?" என்று கேட்டாய். "இன்னும் இல்லை" என்றேன். ஆறாம் நாள் உன் கேள்விக்கு அஞ்சியே பீர்க்கன்கரணைக்குப் பேருந்து ஏறினேன் என்பதை இப்போது உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். ஏரிக்கரையை ஒட்டிய அவள் வீட்டு வாசலில் நின்றேன்.

"இன்னாக்கா, வூடு வரைக்கும் வந்துகினு கீற? என் கைய சோப்பு போட்டுக் கழுவ வந்தியா?" என்றாள். நான் ஒரு தகட்டை அவளிடம் நீட்டி, என் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தேன். அவள் தகட்டைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், மறுபடி தகட்டைப் பார்த்தாள். "தேங்காண்ணெயா?" என்றாள். "ஆமாம்" என்றேன். சிரிக்கத் தொடங்கியவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அய்யய்யோ! அறுவதுலயுமா? போலீஸ் டேசன்ல கூட இவ்ளோ நீட்டா ரேகை எடுக்க மாட்டான்க்கா!" பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். "நீ இங்க வந்து சொன்னது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். திட்டுனது எல்லார் முன்னாடியும். அவங்க முன்னாடி சொல்லு. அப்ப வரேன்."

சொன்னேன். மறுநாள் காலை, அன்று நின்ற அதே மூவரையும் நிற்கவைத்து, தகட்டைக் காட்டி, "இது என் விரல், பழியை ஸ்டெல்லாமேல் போட்டது நான்" என்று சொன்னேன். வண்டிக்காரர், "உடுக்கா, இதெல்லாம் ஒரு மேட்டரா" என்றார். ஸ்டெல்லா அவரைப் பார்த்து, "உனக்கு இல்ல, எனக்கு மேட்டரு" என்றாள். அதே நாள் பம்புத் தொழிற்சாலைக்குத் தனியே போனேன். "சண்முகம் சார் வரலையாம்மா?" என்றார் அதிகாரி. "அவர் என் தம்பி. பட்டறை என்னுடையது. இந்தக் குறையும் என்னுடையது. ஆறு நாளில் வேறு அறுபது தருகிறேன்" என்றேன். அவர் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதான பாத்தேன், வேகுற வரைக்கும்னாரே" என்றார். ஆறு நாளில் கொடுத்தேன். ஆனால் எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று நினைத்துவிடாதே. பட்டறை ஒரு பெண்ணினுடையது என்று தெரிந்ததும் கிண்டியில் ஒரு கம்பெனி ஆர்டரை நிறுத்தியது, இன்றுவரை திரும்பவில்லை. அதற்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை.

அந்த வாரத்திலிருந்து என் எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஞாயிறு நான் அமிலத் தட்டைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமை தலை முழுகாத பொம்பளை என்று நம் தெருவில் எத்தனை பேர் பேசினார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். ஏன் என்று நீயும் ஒருமுறை கேட்டாய். வேலை இருக்கிறது என்றேன். உண்மையான காரணத்தை இப்போதுதான் அறிகிறாய்.

உன் பக்கத்தையும் நான் எண்ணிப் பார்க்காமல் இல்லை. "ஆசிட்காரி மவன்" என்று பள்ளியில் உன்னை அழைத்தார்கள். நீ நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வருவதை நிறுத்தினாய். நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்தபோது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்காகச் செய்கிறேன் என்று எண்ணினேன். கைகளை மறைக்கவேண்டும் என்று அன்று உனக்குப் பாடம் எடுத்திருக்கிறேன் என்பது, உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. ஆகவே உன்மேல் எனக்கு மனக்கசப்பு இல்லை. ஆனால் அந்தப் பாடத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திருமணத்துக்கு நிற்கும் உனக்கு நான் வேறு அறிவுரை கூறப் போவதில்லை. ஒன்று மட்டும்: வீட்டில் ஏதேனும் கெட்டுப்போனால், தேன்மொழியைப் பார்த்துக் கத்துவதற்கு முன் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து வைத்து அது யாருடைய விரல் என்று பார். உன்னுடையதாக இருந்தால் அன்றே சொல். ஐந்து நாள் காத்திருக்காதே. யார் முன்னால் கத்தினாயோ அவர்கள் முன்னாலேயே சொல்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. குடங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்; எப்படியும் அன்று அவை மூடித்தான் இருக்கும். சண்முகம் விருந்தினனாக வருவான், முதலாளியாக வரமாட்டான். ஸ்டெல்லா வருகிறாள், ஞாயிறு என்பதால் மீன் குழம்பு அவளுடைய பொறுப்பு, வந்தவர்கள் சைவமானால் சாம்பார் என்னுடையது. காப்பியை நானே என் கையால் கொடுப்பேன். தேன்மொழியின் தந்தையார் என் விரல்களைப் பார்த்து ஏதும் கேட்டால், கொட்டகைக்கு அழைத்துப் போய் நீர்ப்படலம் எப்படி நிற்கும் என்று காட்டுவேன். அந்த அறுபதில் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன், அதையும் காட்டுவேன். அதன்பின் அவர்கள் எழுந்து போக விரும்பினால் வாசல்வரை சென்று வழியனுப்புவேன். உன் வாழ்க்கையை நான் கெடுக்கிறேன் என்று உனக்குத் தோன்றினால், வரவேண்டா என்று அவர்களுக்கு நீயே எழுதிவிடலாம். அந்த உரிமை உன்னுடையது. ஆனால் அவர்கள் வந்தால், என்னைத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பெயர்த்தகடு செய்ய எஃகு வெட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பெயர்கள்; இரண்டுக்கும் எழுத்தின் உயரம் ஒன்றே. தேன்மொழி தன் பெயரை எப்படி எழுதுகிறாள், முன்னெழுத்தாகத் தன் தந்தையின் எழுத்தை வைத்துக்கொள்வாளா, உன்னுடையதையா, இல்லை எதுவுமே வேண்டாமா என்பது எனக்குத் தெரியாது. அதை நீ முடிவு செய்யாதே, அவளைக் கேள். அவளே ஒரு தாளில் எழுதித் தந்தால் அதை இக்கடிதத்துக்கான பதிலோடு சேர்த்து அனுப்பு. தகட்டை இன்னும் தேய்க்கவில்லை. தேய்த்துச் சுத்தம் செய்த எஃகு இந்த ஊர்க் காற்றில் காத்திருக்காது. மாலைக்குள் துரு பூத்துவிடும். உன் கடிதம் வந்த மறுநாள் காலையில்தான் அதைக் கழுவுவேன்.

ஆகையால் உடனே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா